வெறும் வானம் வைத்த முந்தானை

போன மாதம் ஒரு மத்தியானம் பிரகாஷ் போன் செய்தான். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் டிசைன் பிரிவில் இப்போது அவன்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

“மேடம், பழைய கிராஃப் எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்திக்கினு இருக்கேன். ஒண்ணு மட்டும் சாஃப்ட்வேர் ஏத்துக்க மாட்டேங்குது. ரெண்டு பனமரம் இருக்குது, நடுவுல மொத்தமும் காலி. எரர்னு செவப்பு செவப்பா காட்டுது. ஆட்டோ ஃபில் குடுத்துடட்டா? அதுவே புட்டா போட்டு ரொப்பிடும்.”

“குடுத்துப் பாரு, கையை ஒடிச்சிடுவேன்” என்றேன்.

அவன் சிரித்தான். இந்தப் பக்கம் நான் சிரிக்கவில்லை என்று புரிந்ததும் குரலைத் தணித்து, “யாரோட டிசைன் மேடம் அது?” என்று கேட்டான். போனில் சொல்கிற விஷயமில்லை என்று வைத்துவிட்டேன். அதோடு விட்டுப்போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலுக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை. செய்தியைப் போட்டால் இப்போதும் ஏதோ ஒரு ஊரில் கட்டடம் சரிந்து புகை கிளம்புகிறது, கீழே நாலு பேர் உட்கார்ந்து ஊரான் உயிருக்குக் கணக்குச் சொல்கிறார்கள். அணைத்துவிட்டு மறுபடி போடுகிறேன். இப்படியே அல்லாடுவதற்கு எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பிரகாஷ், இது உனக்குத்தான்.

எனக்கு ஊர் முசரவாக்கம். அப்பா மற்றவர்கள் நிலத்தில் ஏர் பிடித்தவர். அவர் பெண் கல்யாணப் பட்டுக்குப் படம் போடுவாள் என்று எங்கள் தெருவில் யாரும் நினைத்ததில்லை, நானே நினைத்ததில்லை. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஓவியம் நன்றாக வந்தது, டிராயிங் பரீட்சை லோயர், ஹையர் இரண்டும் எழுதினேன், சங்கத்தில் டிரேசர் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருஷம் மற்றவர் போட்ட படத்தைப் பிரதி எடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது, கழுத்து வலித்தது.

சொல்ல வேண்டியவர் எங்கள் பிரிவின் தலைவர் ஏகாம்பரம் சார். பிள்ளையார்பாளையத்துக்காரர், பரம்பரை நெசவுக் குடும்பம். நெற்றியில் திருநீறு, முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். ‘தப்பு’ என்ற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. நாம் போட்ட கிராஃபைக் கையில் எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தள்ளி வைத்து, தலைகீழாகத் திருப்பி, கடைசியில் ஒரே கேள்வி கேட்பார்: “இத்த யாரு கட்டப்போறா?” முதல் நாள் என்னிடம் கேட்டபோது, “யாரோ வாங்கறவங்க சார்” என்றேன். “யாரோன்னு ஒருத்தியும் கெடையாதும்மா” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வேலை எப்படி நடக்கும் என்று வெளியாளுக்கும் புரியச் சொல்கிறேன். கட்டம் போட்ட தாளில் படத்தை வரைய வேண்டும். ஒரு கட்டம் ஒரு இழை. சிவப்பு வைத்த கட்டத்தில் ஜரிகை சேலையின் மேலே தெரியும். சிவப்பு வைக்காத கட்டத்தில் அதே ஜரிகை பின்பக்கமாக ஓடும். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டு, அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தறிக்கு மேல் தொங்கவிடுவார்கள். இரண்டு உருவங்களுக்கு நடுவே அதிக இடம் காலியாக இருந்தால் பின்பக்கம் ஜரிகை நீளமாகத் தொங்கிக்கொண்டு போகும். அதற்கு எங்களிடம் மிதவை என்று பேர். மிதவை ஆகாது. வளையலோ மோதிரமோ ஒரு தடவை மாட்டினால் ஜரிகை இழுத்துக்கொண்டு படமே சுருங்கிப்போகும். அதனால் காலி இடம் கண்டால் சின்னச் சின்னப் பூக்களாகப் புட்டாக்களைப் போட்டு ஜரிகையைக் கட்டிவிட வேண்டும். பிரகாஷின் கம்ப்யூட்டர் அதைத்தான் தானாகச் செய்யப் பார்த்தது.

ஏகாம்பரம் சாரின் மேஜை டிராயரில் கல் உதிர்ந்த மோதிரம் ஒன்று இருக்கும். கல்லைப் பிடித்திருந்த கொக்கிகள் நான்கும் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மாதிரித் துண்டு தறியிலிருந்து வந்ததும் அதைக் குப்புறப் போட்டு, மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு, பின்பக்கம் முழுக்க மெதுவாக இழுப்பார். நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். எங்காவது ஒரு இழை மாட்டினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. ஒரு முறை சேலம் பக்கத்தில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் மோதிரம் முந்தானையில் மாட்டி, தாலி கட்டுகிற நேரத்தில் ஜரிகை முழம் நீளத்துக்கு உருவிக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் படம் சார் போட்டதுகூட இல்லை, பார்த்து அனுமதித்தது மட்டும்தான். பஸ் ஏறிப் போய் அந்த வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். “நம்ம கையத் தாண்டிப் போனதோட நம்ம பொறுப்பு முடியலம்மா” என்றார். அவரிடம் எனக்குக் கோபம் வந்த நாட்கள் நிறைய உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரை நான் கும்பிடுவேன்.

ஈழத்தில் கடைசிப் போர் உச்சத்தில் இருந்த மாதங்கள். நளாயினி எங்கள் பிரிவுக்குள் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக் கொடுத்தவள். வள்ளத்தில் தப்பி ராமேஸ்வரம் வந்து, எங்கள் மாவட்டத்திலிருந்த அகதி முகாமில் போடப்பட்டிருந்தாள். முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு காலையில் பஸ் ஏறி வந்தால் சாயந்திரம் பேர் கூப்பிடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். கனடாவிலிருக்கும் அவள் அண்ணன் ஒரு பட்டுச் சேலைக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். அவள் வரைந்த படம் ஒன்றை முந்தானையாக நெய்ய வேண்டும், அந்த ஊர்க் கண்காட்சியில் வைக்கப்போகிறார்.

படம் சிமெண்டுப் பையின் உள்தாளில் கரியால் வரைந்தது. நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, ஈரம் பட்டு ஊறியிருந்தது. இடதுபக்கம் ஒரு பனை, வலதுபக்கம் ஒரு பனை. கீழே ஒரு கோடு தரை. நடுவில் ஒன்றுமே இல்லை.

“இதுக்குள்ள என்னாம்மா வரணும்?” என்று சார் கேட்டார்.

“ஒண்டும் வரக்கூடாது சேர். அது வானம்” என்றாள்.

அவள் அக்கா வசந்திக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் துளசி, சின்னவன் நிலவன். விமானம் வரும் சத்தம் கேட்டால் எல்லாரும் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், இறங்கிவிடுவார்கள். குண்டு விழுந்து முடிகிறவரை பிள்ளைகள் அலறாமல் இருக்க நளாயினி படம் வரைந்துகொண்டே இருப்பாள். பூனை கேட்டால் பூனை, சைக்கிள் கேட்டால் சைக்கிள். மண் சுவரில், சிலேட்டில், பையின் தாளில்.

“கடைசியாக் கீறினது இது. பங்கர் வாசலால பாத்தா இந்த ரெண்டு பனையும்தான் தெரியும். பிள்ளையள் கேட்டவை, கிபிர் இல்லாத வானம் கீறித் தாங்கோ சித்தி எண்டு. அடுத்த நாள் நான் வள்ளம் ஏறிட்டன். அவையள் அங்கதான் நிக்கினம்.”

கிபிர் என்பது அங்கே குண்டு போடும் விமானத்துக்குப் பேர். சார் படத்தைத் தலைகீழாகத் திருப்பவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு, “இத்த யாரு கட்டப்போறா?” என்று கேட்டார்.

“அண்ணா கண்காட்சிக்கு எண்டுதான் சொல்றார். எனக்குத் துளசி வளந்து கட்டவேணும்.” பிறகு, “வளந்தா” என்றாள்.

கிராஃப் போடுவது என் வேலை. பனை இரண்டையும் கரி தீற்றின அதே முரட்டுத்தனத்தோடு கொண்டுவந்தேன், சார் பாராட்டக்கூடச் செய்தார். பிறகு பேனாவை எடுத்து, முப்பது வருஷப் பழக்கத்தில், பனைகளுக்கு நடுவே வரிசையாகச் சிவப்புப் புட்டா வைக்க ஆரம்பித்தார். நாலு இதழ், நடுவில் ஒரு புள்ளி. ஒன்றுக்கொன்று சம இடைவெளி. எவ்வளவு அழகாக வைப்பார் தெரியுமா? அவர் கை அப்படி.

நளாயினி மேஜைக்கு எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் மேஜையிலிருந்து பிளேடை எடுத்து, சாரின் கைக்குக் கீழேயே, அவர் வைத்த புட்டாக்களை ஒவ்வொன்றாகச் சுரண்டத் தொடங்கினாள்.

“இன்னாம்மா பண்றே!”

“இது விழும் சேர்.”

“என்னா விழும்?”

“இப்பிடித்தான் தெரியும். கீழயிருந்து பாத்தா இப்பிடித்தான் வரிசையா, சின்னனாத் தெரியும். பெரிசாகப் பெரிசாகத்தான் எங்க விழப்போகுதெண்டு தெரியும்.” அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. “எங்களுக்கு இதில ஒண்டும் வேண்டாம் சேர்.”

சார் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. மோதிரத்தை எடுத்துக் காட்டி, மிதவை என்றால் என்னவென்று பொறுமையாக அவளுக்கு விளக்கினார். நாளைக்கு அந்தப் பெண்ணே கட்டினாலும் கையில் மாட்டும், கிழியும், விட முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம். அவள் சொன்னதும் நியாயம். தாளில் பாதி வானம் சிவப்பு, பாதி வானம் ஓட்டை. ஒரு வாரம் அப்படியே கிடந்தது.

அந்த வாரமெல்லாம் ஊரே நிலைகொள்ளவில்லை. ஏனாத்தூர்ப் பக்கம் காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸை மறித்தார்கள். கோர்ட்டு வாசலில் வக்கீல்கள் உண்ணாவிரதம். பேப்பரில் வந்த போட்டோக்களைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை. நளாயினி தினமும் வந்தாள். முகாமில் அடைந்து கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்பாள். அக்காவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “பாவந்தான். ஆனா எவனோ எவன் மேலயோ போடறான், நாம இன்னா பண்ண முடியும்? நாமளா ஏரோப்ளேன் ஓட்றோம்?” என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. “அப்ப அந்தச் சேலத்துப் பொண்ணு மோதரம் மாட்டினது மட்டும் எப்படி சார் நம்ம பொறுப்பாச்சு? நீங்களா போய் மாட்டி வுட்டீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

சார் கையில் எடுத்த சோற்றை டப்பாவிலேயே வைத்தார்.

“அது நம்ம தொழிலும்மா.”

“இது நம்ம ஓட்டு சார். நம்ம ஓட்டு வாங்கினவங்க வாயத் தொறக்காம உக்காந்துக்கினு இருக்காங்க. கையத் தாண்டிப் போனா பொறுப்பு முடியலன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஓட்டுப் போட்டவன்லாம் கொலகாரன்னா ஊர்ல எவம்மா மிஞ்சுவான்?” அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “அந்தக் கொழும்புல ஒரு சிங்களக்காரன் டீக்கடை வெச்சிக்கினு இருப்பான். அவன் இன்னா பண்ணான்? அவனும் குண்டு போட்டவனா?”

“ஆமா! வரி கட்றான் இல்ல? அந்த வரியிலதான் ஏரோப்ளேனுக்குப் பெட்ரோல் ஊத்தறான். அவனும்தான்!”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா” என்றாள் நளாயினி.

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே பேசினாள். யாரையும் பார்க்கவில்லை.

“கொழும்பில ஒரு பஸ்ஸில எங்கட ஆக்கள் குண்டு வச்சவை. வேலைக்குப் போன சனம், பள்ளிக்கூடப் பிள்ளையளும். அண்டைக்கு எங்கட சந்தியில இனிப்புக் குடுத்தவை. நானும் வாங்கினனான். வேண்டாமெண்டு சொல்லப் பயமாக் கிடந்தது எண்டு இப்ப சொல்லலாம். பயமும்தான். ஆனா அந்த இனிப்பு எனக்கு இனிச்சது அக்கா. கசக்கேல்லை.”

“அதுக்கும் இதுக்கும்...” என்று நான் ஆரம்பித்தேன்.

“அந்த ரீக்கடைக்காரன்ர தலையில போடலாமெண்டா என்ர தலையிலயும் போடலாம். நான் இனிப்புச் சாப்பிட்டனான். சரி. நிலவன்ர தலையில? அவனுக்கு ஐஞ்சு வயசு. அவன் ஆருக்கு வாக்குப் போட்டவன்?”

“அப்ப யாருக்குமே பொறுப்பு கெடையாதுன்றியா?” என்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

“பொறுப்பு இருக்கு. உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு, அவனுக்கும் இருக்கு. அதுக்காக ஒருத்தற்ற தலையிலயும் குண்டு போடேலாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.”

சார் எழுந்து கை கழுவப் போனார். அன்றும் மறுநாளும் என்னிடம் பேசவில்லை. நான் வேலை போனால் போகட்டும் என்று திரிந்தேன். எனக்கு அவர் மேல் கோபமா, அவள் மேல் கோபமா, அந்த டீக்கடைக்காரன் மேல் கோபமா என்று எனக்கே விளங்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் என் மேஜைக்கு வந்தார். வழக்கமாக நாங்கள்தான் அவர் மேஜைக்குப் போவோம்.

“ராத்திரியெல்லாம் யோசிச்சேன். பொறுப்பு இருக்குதுன்னே வெச்சிக்க. நான் இன்னா பண்ணணும்? சொல்லும்மா, பண்றேன். மெய்யாலுமே கேக்கறேன்.”

அவ்வளவு கத்தின நான் கடைசியில், “அந்த வானத்தையாவது வுட்டுடலாம் சார்” என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கே செத்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கே நான் நாலு புட்டாவைப் பற்றிப் பேசுகிறேன்.

அவர் வெட்கப்படவில்லை. தொழில்காரராக யோசித்தார். இழையைக் குறுக்கே கொண்டுபோகிற கட்டைக்கு நாடா என்று பேர்; ஒரே நாடாவில் ஜரிகையை இந்தப் பனையிலிருந்து அந்தப் பனைக்கு ஓட்டினால்தானே நடுவில் மிதக்கும்? பனைக்குப் பனை தனி நாடா, கையளவு சின்னதாக, கையாலேயே விட்டு எடுத்தால் வானத்தின் பின்னால் ஜரிகையே ஓடாது. ஆனால் ஒவ்வொரு இழைக்கும் கை நின்று நின்று போகும். இரண்டு சேலை நெய்கிற காலத்தில் இந்த முந்தானை பாதிகூட முடியாது. சங்கத்தில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

அன்று மத்தியானமே அடுத்த இடி வந்தது. நளாயினியின் அண்ணன் கனடாவிலிருந்து பிரிவு போனுக்கே கூப்பிட்டார். புட்டா வைப்பதற்கு முன்னால் நான் போட்ட கிராஃபின் போட்டோ அவருக்குப் போயிருந்தது. ஸ்பீக்கரில் போட்டோம்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவில ரெண்டு கிபிர் வரவேணும். குண்டு விழுறமாதிரி. இல்லாட்டி இதென்ன, ரெண்டு பனை! இதப் பாத்து ஆர் நம்புவினம் இது சண்டை எண்டு?”

“அதில கிபிர் இல்லை அண்ணா” என்றாள் நளாயினி.

“நீ கீறேல்லை எண்டா வரேல்லையோ? நீ வானத்தை வெறுமையா விட்டா போட்டவன் தப்பிடுவான் நளா. உலகத்துக்குக் காட்ட வேணும். சாட்சி வேணும்.”

அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இருந்தது. இப்போதும் பாதி இருக்கிறது. சாரும், “அவுரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குதும்மா” என்று மெல்லச் சொன்னார்.

நளாயினி போனுக்குக் கிட்டே குனிந்தாள். “அண்ணா, நீங்கள் அங்கயிருந்து இயக்கத்துக்குக் காசு அனுப்பினீங்கள். அது எந்த பஸ்ஸில வெடிச்சதெண்டு ஒரு நாள் கேட்டனீங்களோ? உங்களுக்குச் சாட்சி வேணுமெண்டா அதையும் சேத்துக் கீறுவம். பிள்ளையள் கேட்டது இது. இதில கை வைக்க விடமாட்டன்.”

“அப்ப எனக்கு அந்தச் சீலை வேண்டாம்” என்று அவர் வைத்துவிட்டார்.

ஆர்டர் இல்லாத சேலையைச் சங்கம் தறி ஏற்றாது. நளாயினி சிமெண்டுப் பைத் தாளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். சார் அவள் கையைத் தடுத்து அந்தத் தாளை வாங்கினார். கிராஃபில் மீதமிருந்த புட்டாக்களைத் தானே பிளேடால் சுரண்டினார். மூலையில் ‘அனுமதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆர்டர் தாளில் பேர் எழுதும் இடத்தில் தன் பேரை எழுதினார்.

“சார், உங்களுக்கெதுக்கு இது? யாரு கட்டப்போறா?” என்று நான் கேட்டேன். கேட்ட பிறகுதான் அது அவருடைய கேள்வி என்று உறைத்தது.

“அவ அக்கா பொண்ணு” என்றார்.

நெய்தவர் கோதண்டம், பிள்ளையார்பாளையம். கிராஃபைப் பார்த்ததும் கத்தினார். “இன்னா சார் இது, எங்கள வெச்சி விளையாடறீங்களா? ஒரு சாண் நெய்றதுக்குள்ள என் கை வுழுந்துடும்!” நளாயினி அவரிடம் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். முழுசாகக் கேட்டார். பிறகும், “அதெல்லாம் சரி, கை வலிக்கிறது வலிக்கிறதுதான?” என்றார். ஆனால் தறியில் இறங்கி உட்கார்ந்தார். தினமும் திட்டிக்கொண்டேதான் நெய்தார். மரத்துக்கு மரம் அந்தச் சின்ன நாடாவை விடுவார், எடுப்பார், கழுத்தைச் சொடுக்குவார், எங்கள் மூன்று பேரையும் வைவார். நளாயினி தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நீட்டும் நாடாவுக்கு ஜரிகை சுற்றிக் கொடுப்பாள். பக்கத்து வீட்டு டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். நாடா விழும் சத்தத்துக்கு அவள் ஒவ்வொரு தடவையும் திடுக்கிடுவாள், நாள் போகப் போகவும் திடுக்கிடுவது நிற்கவில்லை.

முந்தானை பாதி ஏறியிருந்தபோது போர் முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். கோதண்டம் தறியை நிறுத்தினார். “நிறுத்தாதேங்கோ” என்றாள் நளாயினி. அவர் மறுபடி நாடாவை எடுத்தார். அன்று வையவில்லை.

அதற்கும் பல வாரம் கழித்துத்தான் அங்கே முள்வேலி முகாமிலிருந்து போனில் வசந்தியின் குரல் வந்தது. அவளும் துளசியும் உயிரோடு இருந்தார்கள். நிலவன் இல்லை. இதை நளாயினி எங்கள் பிரிவில் வந்து சொன்னபோது ஏகாம்பரம் சார் சேலையின் பின்பக்கத்தில் மோதிரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். மோதிரம் எங்கும் மாட்டவில்லை. அவர் அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், சேலையை மடித்து அவள் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள். சார் அன்றைக்குக் கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் போகவில்லை, பிரதோஷம். அவர் போகாத பிரதோஷம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நானும் அந்தப் பிரிவின் தலைவியாகி, ஆயிரம் கிராஃப் பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். சார் காலமாகிவிட்டார். அடங்கிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரகாஷ் போன் செய்த இரண்டாம் வாரம், யாரும் சொல்லி அனுப்பாமலே, முசரவாக்கத்தில் என் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நளாயினி, தலை நரைத்திருந்தது. கூட இருபத்து நாலு, இருபத்தைந்து வயதில் ஒரு பெண்.

“துளசி” என்றாள் நளாயினி.

கல்யாணமாம், வவுனியாவில். கூறைப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வந்திருக்கிறார்கள். எடுத்துவிட்டு, அன்று நெய்த அந்தச் சேலையையும் இத்தனை வருஷம் பெட்டியில் வைத்திருந்ததால் மடிப்பில் அற்றுப்போயிருக்கிறதா என்று என்னிடம் காட்ட வந்தார்கள். காபி போடப் போய்ப் பாலைப் பொங்கவிட்டேன். வந்து கட்டிலில் முந்தானையை விரித்தேன். ஒரு இழை அறவில்லை. இரண்டு பனை. நடுவில் நீலப் பட்டு, அப்படியே.

“உனக்காகத்தாம்மா இத்தன பேர் சண்ட போட்டோம்” என்றேன். “நீயும் தம்பியும் கேட்ட வானம்.”

துளசி முந்தானையைத் தடவிப் பார்த்தாள். நல்ல பிள்ளை, மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்று யோசித்தது தெரிந்தது.

“வடிவா இருக்கு ஆன்ரி. ஆனா வானம் நான் கேக்கேல்லை. அது தம்பி கேட்டவன்.”

“நீ என்ன கேட்டனி?” என்றாள் நளாயினி. அவளுக்கு நினைவில்லை.

“நான் கப்பல் கேட்டனான் சித்தி. எல்லாரும் ஏறக்கூடிய பெரிய கப்பல். தம்பின்ர வானத்தைக் கீறி முடிச்சிட்டு, உனக்கு நாளைக்குக் கீறித் தாறன் எண்டு சொன்னீங்கள். விடிய எழும்பிப் பாத்தா நீங்கள் இல்லை.”

நளாயினி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் அலமாரியைத் திறந்து கிராஃப் தாளை எடுத்தேன், பென்சிலைத் தேடினேன், கிடைத்தது, தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டேன்.

“எப்படிப்பட்ட கப்பல்மா? சொல்லு, இப்பவே போடறேன். எத்தன பேர் ஏறணும்?”

அவள் என் கையிலிருந்த பென்சிலை மெதுவாக வாங்கித் தாளின் மேல் வைத்தாள்.

“இப்ப வேண்டாம் ஆன்ரி” என்றாள். “அப்பதான் வேணுமாயிருந்தது.”